நகராத வண்டியில் ஒரு நெடும்பயணம்

ஆண்டு மலர் என்றாலே ஒரு சுற்றுலாக் கட்டுரை கட்டாயம் இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு பஸ் கிளம்பியது, ஆட்டம் பாட்டம் கொண்டாட்டம், கிருஷ்ணகிரியில் டீ, ஓசூரில் இட்லி வடை, திரும்பி வரும்போது பிரிவை நினைத்து எல்லோர் கண்ணிலும் நீர். இந்த வரிசை மாறுவதே இல்லை. ஆகவே நண்பர்களே, எங்கள் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு டூரைப் பற்றி அதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அந்த ஒரு நாளில் ஐந்தாறு நிமிஷம் மட்டும் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அதைப் பற்றி மட்டும் எழுத உத்தேசம்.

பெங்களூரைத் தாண்டி மைசூர் ரோட்டில் பிடதி. அங்கே வண்டர்லா. 2005-ல் திறந்த பூங்கா. இதை ஆரம்பித்தவர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி. பேர் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஆள் நமக்கு வேண்டியவர்தான். கம்பைநல்லூரில் பாதி வீடுகளில் டி.வி.க்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'டிக் டிக்' என்று ரிலே அடிக்கிற ஸ்டெபிலைசர் இருந்ததே, அந்த வி-கார்டு கம்பெனியை 1977-ல் கேரளத்தில் தொடங்கியவர் இவர்தான். பிறகு 2000-ல் கொச்சிக்குப் பக்கத்தில் வீகாலேண்ட், அப்புறம் பிடதி, 2016-ல் ஹைதராபாத், 2025 டிசம்பரில் நம் சென்னைக்குப் பக்கத்திலும். கரண்ட் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க ஸ்டெபிலைசர் விற்றவர், பிற்பாடு ஜனங்களையே ஏற்றி இறக்கிக் காசு பார்த்தார் என்று எங்கள் எலக்ட்ரிக்கல் நண்பர்கள் பஸ்ஸில் ஜோக் அடித்தார்கள். கொஞ்சம் பழைய ஜோக்தான், மன்னிக்கவும்.

ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். விண்வெளிக்குக் கூட்டிப் போகிற சிமுலேட்டர் ஒன்று இருக்கிறது, அதில் ஏறாமல் வந்தால் டூரே வேஸ்ட் என்று சீனியர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சிமுலேட்டர் என்றால் வேறொன்றுமில்லை. வண்டி நகராது, ஆனால் போகிற மாதிரி இருக்கும்.

டிசம்பர் மாதம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற நேரம். திருப்பதி தர்ம தரிசனம் மாதிரி கம்பித் தடுப்புக்குள் வளைந்து வளைந்து போகிற க்யூ. கன்னடம், தமிழ், மலையாளம், இந்தி என்று நாலு பாஷையில் குழந்தைகள் அழுதன. ஒன்றரை மணி நேரம் நின்றிருப்போம். கழுத்து வலி, முதுகு வலி, இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தலைசுற்றல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று ஒரு பலகை. பொழுது போகாமல் அதை எட்டுத் தடவை படித்தேன். 'தலைசுற்றல்' என்ற இடத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் அப்பா ஞாபகம் வந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உள்ளே விட்டார்கள். வரிசை வரிசையாக நாற்காலி, இடுப்பில் பெல்ட். எனக்கு இந்தப் பக்கம், நாங்கள் 'வெர்னியர்' என்று கூப்பிடுகிற நண்பன். (ஒர்க்‌ஷாப்பில் அவன் ஃபைல் போட்டால் அரை மில்லி கூடத் தப்பாது. சாப்பாட்டில் மட்டும் அளவே கிடையாது.) விளக்கு அணைந்தது. எதிரே கண் எட்டுகிற தூரம் முழுக்கத் திரை. மேலே பார்த்தால் திரை, கீழே பார்த்தால் திரை. இதில்தான் தந்திரமே இருக்கிறது. ஓரம் தெரிந்தால் அது சினிமா, ஓரம் தெரியாவிட்டால் அது உலகம்.

ராக்கெட் கிளம்பியது. நாற்காலி முதுகைப் பிடித்துத் தள்ளியது. பூமி கீழே போனது. வயிறு தொண்டைக்கு வந்தது. முன்னால் இருந்த ஸ்கூல் பிள்ளைகள் போட்ட கூச்சலில் எங்கள் எச்.ஓ.டி. சாரும் கூச்சல் போட்டார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியது என் கடமை. கல் மழை மாதிரி என்னவோ பறந்து வந்தது, வண்டி சாய்ந்து தப்பித்தது, நானும் சேர்ந்து சாய்ந்தேன். அறுபது கிலோ உடம்பு, மூன்றாமாண்டு படிக்கிற மூளை, இரண்டும் இதை நம்பிவிட்டன!

பாதியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அவ்வளவுதான், விண்வெளி காணாமல் போய்விட்டது. நாற்காலி மெதுவாகப் பின்னால் சாய்கிறது, மெதுவாக முன்னால் வருகிறது, லேசாக ஒரு உதறல். குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டுகிற அளவுதான். கண்ணைத் திறந்தால் செவ்வாய்க் கிரகம், மூடினால் தூளி. திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் நான் பயத்தில் கண்ணை மூடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். மூன்று வருஷத்தில் நான் சொந்தப் புத்தியில் செய்த முதல் ப்ராக்டிகல் அதுதான்.

வெளியே வந்ததும் வெர்னியர் ஒரு திண்டில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்து, நெற்றியில் வேர்வை. தண்ணீர் கொடுத்தேன். "மச்சான், நான் சும்மாதான்டா உக்காந்திருக்கேன்... தரை சுத்துதுடா" என்றான்.

இதே வார்த்தையை என் வீட்டுத் திண்ணையில் ஏழு மாசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பா லாரி டிரைவர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பாலக்கோட்டில் தக்காளி ஏற்றினால் கோயம்பேடு, இந்தப் பக்கம் மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி. தொப்பூர் கணவாயை ராத்திரியில் கண்ணை மூடிக்கொண்டு இறக்குவேன் என்று பெருமையாகச் சொல்வார். அந்த இறக்கத்தில் எத்தனை வண்டி கவிழ்ந்திருக்கிறது என்று தர்மபுரி ஜில்லாக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்பா பேரில் ஒரு கீறல் கிடையாது. போன வருஷம் மே மாசம் ஒரு ராத்திரி, வண்டியை ஓரம் கட்டிவிட்டு, தார்ப்பாய்க் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்திருக்கிறார். உலகமே ஒரு சுற்று சுற்றியிருக்கிறது. டயரைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டார். ஒரு நிமிஷத்துக்குள் சரியாகிவிட்டது. பிறகு அடிக்கடி. படுக்கையில் வலது பக்கம் புரண்டால் வரும், குனிந்து ஸ்டெப்னி பார்த்தால் வரும்.

கிளீனர் பையன் போய்ச் சொல்ல, முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். "குடிச்சிட்டு வண்டி எடுக்கறான்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. அப்பா வெற்றிலை கூடப் போடாதவர். பித்தம் என்றார்கள், எலுமிச்சம்பழம் தேய்த்தோம். ரத்த சோகை என்றார் ஒரு டாக்டர், டானிக் குடித்தார். கண்ணேறு என்றாள் பாட்டி, மிளகாய் சுற்றிப் போட்டாள். எதற்கும் அடங்கவில்லை. வீட்டில் வருமானம் அம்மாவின் இரண்டு மாடும், அண்ணன் ஓசூரில் இருந்து அனுப்புவதும்தான். என் டூர் பணத்தைக்கூட அண்ணன்தான் கட்டினான். செமஸ்டர் முடிந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகட்டுமா என்று நான் கேட்டபோது, அப்பா பதில் சொல்லவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, நான் அப்ளைடு பிசிக்ஸ் சார் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "சார், கண்ணை மூடினா தூளி, திறந்தா ராக்கெட். எப்படி சார்?" சாருக்குத் தூக்கம் போய்விட்டது. அவருக்குப் பாடம் எடுக்கப் பிடிக்கும், நமக்குத்தான் கேட்கப் பிடிக்காது.

"தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்க. பக்கத்து சேலம் பஸ் பின்னால போகுது. உனக்கு என்ன தோணும்?"

"நம்ம பஸ்ஸே முன்னால போற மாதிரி."

"அதேதான். கண்ணு சொல்றதை மூளை முதல்ல நம்பும். ஆனா காது ஒத்துக்கணும். காதை எப்படி ஏமாத்தறது, அதுதான் இன்ஜினியரிங்."

காதா? கேட்பதற்கு இருக்கிற காதுக்கும் இதற்கும் என்ன? சார் சொன்னதையும், பிறகு நான் லைப்ரரியில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். உள்காதில் அரை வட்டமாக மூன்று குழாய்கள் இருக்கின்றன. நம் டிராயிங் வகுப்பில் எக்ஸ், ஒய், இசட் போடுகிறோமே, ஏறக்குறைய அதுபோல ஒன்றுக்கொன்று செங்குத்தாக. உள்ளே திரவம். தலையைத் திருப்பினால் குழாய் திரும்பும், திரவம் பின்தங்கும். இனெர்ஷியா! அந்த வித்தியாசம்தான் 'திரும்புகிறோம்' என்று மூளைக்குப் போகிற சேதி. இதற்குப் பக்கத்தில் இரண்டு சின்னப் பைகள். அவற்றில் ஒரு பசைப் படலத்தின் மேல் பொடிப் பொடியாகக் கற்கள் பதிந்திருக்கின்றன. கால்சியம் கார்பனேட். அதாவது சுண்ணாம்புக் கல் சமாச்சாரம். தலை சாய்ந்தால் கல்லின் எடை ஒரு பக்கம் இழுக்கும். வண்டி வேகம் எடுத்தாலும் கல் பின்னால் இழுக்கும்.

இந்தக் கடைசி இரண்டு வரியை இன்னொரு தடவை படியுங்கள். சாய்ந்தாலும் இழுக்கும், வேகம் எடுத்தாலும் இழுக்கும். எது எது என்று கல்லுக்குத் தெரியாது. ஆகவே இருட்டில் உங்கள் நாற்காலியை மெள்ளப் பின்னால் சாய்த்து, எதிரே திரையில் ராக்கெட்டை முன்னால் பறக்கவிட்டால், 'வேகம் எடுக்கிறோம்' என்று மூளை கையெழுத்துப் போட்டுவிடும். சாய்ப்பது மெதுவாக இருக்க வேண்டும். நொடிக்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் இருந்தால் குழாய்களுக்குத் தெரியாது. சாய்த்த நாற்காலியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் அப்படியே, திருடன் வீட்டை விட்டு வெளியேறுகிற மாதிரி. அது தெரிந்துவிட்டால் ஆட்டம் குளோஸ்.

இந்த ஏமாற்று வேலைக்கு நூறு வருஷத்துக்கு மேல் சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் தீயணைப்புத் தலைவராக இருந்த ஜார்ஜ் ஹேல் என்பவர், 1905 வாக்கிலேயே ரயில் பெட்டி மாதிரி ஒரு கொட்டகை கட்டி, ரயில் முன்னால் இருந்து எடுத்த படத்தை எதிரே காட்டி, பெட்டியை ஆட்டி, டிக்கெட் விற்றிருக்கிறார். எனக்கு அவரைவிட எட்வின் லிங்க்கைத்தான் பிடித்தது. நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற ஊர். அவர் அப்பா ஆர்கன், பியானோ செய்கிற பட்டறை வைத்திருந்தார். ஆர்கனுக்குக் காற்றடிக்கிற துருத்தி தெரியும் அல்லவா? அந்தத் துருத்திகளின் மேல் ஒரு மரப்பெட்டி விமானத்தை உட்கார வைத்து, ஸ்டிக்கை அசைத்தால் சாய்கிற மாதிரி 1929-ல் செய்துவிட்டார். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கத்தான் செய்தார். பள்ளிகள் சீந்தவில்லை. வாங்கியவர்கள் யார் தெரியுமா? பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள்! 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும் வேலையை ஏற்று, மூடுபனியிலும் புயலிலும் சிக்கிச் சில வாரங்களில் பலர் செத்த பிறகுதான் ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் லட்சக்கணக்கான பேர் அந்தப் பெட்டியில் பழகிவிட்டார்கள். பட்டறைப் பையனின் துருத்தி!

பிறகு வந்தது ஆறு கால் மேடை. டன்லப் கம்பெனியில் டயர் சோதிக்க எரிக் காஃப் என்பவர் 1950-களில் அப்படி ஒரு மெஷின் வைத்திருந்தார். 1965-ல் ஸ்டீவர்ட் என்பவர் இதே யோசனையை விமான சிமுலேட்டருக்கு எழுதினார், பேர் அவருக்குப் போய்விட்டது. இன்றைக்கும் 'ஸ்டீவர்ட் மேடை' என்றுதான் சொல்கிறார்கள். ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் தனித்தனியே நீளும், சுருங்கும். மேலும் கீழும், முன்னும் பின்னும், இடம் வலம், மூன்று வகைச் சாய்வு என ஆறு விதமும் கைக்குள். 1987-ல் டிஸ்னிலாண்ட் இதைத்தான் ராணுவத்துக்கும் விமானக் கம்பெனிகளுக்கும் செய்கிறவர்களிடமிருந்து வாங்கி 'ஸ்டார் டூர்ஸ்' என்று விட்டது. பூங்காவில் பிறந்து, ராணுவத்துக்குப் போய், பென்ஷன் வாங்கிக்கொண்டு மறுபடி பூங்காவுக்கே வந்த கதை. இன்னொன்று, 2001-ல் கலிபோர்னியாவில் காலைத் தொங்கவிட்டுப் பறக்கிற 'சோரின்' சவாரி வந்ததே, அதற்கு மாதிரியை மார்க் சம்னர் என்ற இன்ஜினியர் பழைய விளையாட்டு இரும்புப் பட்டைகளையும் நூலையும் வைத்து வீட்டில் செய்தாராம். நம் மாடல் மேக்கிங் மார்க்கை யாரும் கேவலமாக நினைக்காதீர்கள் என்பதற்காகச் சொன்னேன்.

இவ்வளவும் படித்துக்கொண்டு போகையில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். அந்தச் சுண்ணாம்புக் கற்கள் சில பேருக்கு, அதுவும் நடுத்தர வயதுக்கு மேல், தம் இடத்தை விட்டுக் கழன்று அரை வட்டக் குழாய்க்குள் போய்விடும் என்று எழுதியிருந்தது. திரவம் மட்டும் ஓட வேண்டிய குழாயில் கல் உருளும். ஒரு குறிப்பிட்ட பக்கம் தலையைத் திருப்பினால் உருளும், அண்ணாந்தால் உருளும், குனிந்தால் உருளும். கல் உருண்டு நிற்கிற வரை, ஒரு நிமிஷத்துக்குக் குறைவாக, உலகம் சுற்றும். கண் 'நிற்கிறோம்' என்கிறது, காது 'சுற்றுகிறோம்' என்கிறது. வெர்னியருக்கு அன்றைக்கு நடந்ததைத் தலைகீழாகப் போட்டது மாதிரி.

வலது பக்கம் புரண்டால் வரும். அண்ணாந்தால் வரும். ஒரு நிமிஷம்.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம் நாற்காலி, கல், குழாய் எல்லாம் சொன்னேன். ஒரு சொம்புத் தண்ணீரில் கோலமாவு போட்டுச் சுற்றியும் காட்டினேன். டிரைவர் அல்லவா, மெக்கானிசம் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார். "அப்ப கார்புரேட்டர்ல தூசி அடைச்ச மாதிரின்னு சொல்லு" என்றார். ஏழு மாசத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். "அந்த மெசினுக்கு டிக்கெட் எவ்ளோ சாமி? எனக்குப் பாரு, ஓசியிலயே, படுத்த படுக்கையில" என்றார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா பேசாதீங்க, நாளைக்கே போலாம்" என்றாள்.

தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை பிரிவு. அங்கேயும் க்யூதான், ஆனால் இதில் யாரும் கூச்சல் போடவில்லை. டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ரத்த அழுத்தம் பார்த்தார், கை கால் பலம் பார்த்தார். எல்லாத் தலைசுற்றலும் காதுக் கல் இல்லை, பேச்சுக் குழறினாலோ கை கால் மரத்தாலோ அது வேறு, உடனே ஓடி வர வேண்டும் என்று எனக்கும் சேர்த்துச் சொன்னார். பிறகு அப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலது பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்தார். அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இங்க வந்து கண்ணைப் பாரு" என்றார் டாக்டரம்மா. அப்பாவின் கருவிழி இரண்டும் துடித்துத் துடித்து ஒரு பக்கமாகச் சுழன்றன. அவர் வேண்டுமென்று செய்ய முடியாத அசைவு. குடிகாரன் என்று சொன்னவர்கள் அத்தனை பேரையும் அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்க வைத்துக் காட்டியிருக்க வேண்டும் போல் இருந்தது.

இந்தச் சோதனை 1952-ல் லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இரண்டு பேர் எழுதியது. வைத்தியம் அமெரிக்க டாக்டர் ஜான் எப்லி கண்டது. ஊசி இல்லை, கத்தி இல்லை. தலையை வலது பக்கம் தொங்கவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, இடது பக்கம் திருப்பி, பிறகு உடம்போடு உருட்டி, கடைசியில் எழுப்பி உட்கார வைப்பது. கல்லை வந்த வழியே உருட்டிப் பைக்குள் சேர்க்கிற வேலை. குண்டு விளையாடுகிற அட்டைப் பெட்டிப் புதிரைச் சாய்த்துச் சாய்த்து குழியில் விழ வைப்போமே, அதுதான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஏழு மாசம், பத்து நிமிஷம்!

அன்று ராத்திரி அப்பா வலது பக்கம் புரண்டு படுத்தார். நாங்கள் மூன்று பேரும் விளக்கை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். "என்னடா சினிமாவா காட்றாங்க, தூங்குங்க" என்றார்.

மறுபடி ஒரு தடவை வந்தது, பொங்கல் கழிந்து. இது திரும்ப வரக்கூடிய சமாச்சாரம் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்ததால் யாரும் பதறவில்லை. போய் இன்னொரு தடவை உருட்டிவிட்டு வந்தார். வண்டி ஓட்டலாமா என்று கேட்டதற்கு, சில வாரம் ஒன்றும் வராமல் இருந்து, மறுபடி சோதித்த பிறகுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா அந்த வாரங்களைக் காலண்டரில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். பழைய முதலாளி ஆள் அனுப்பினார். அப்பா போகவில்லை. இப்போது மொரப்பூர் ரோட்டில் பால் வண்டி. ராத்திரி ஓட்டம் இல்லை, தொப்பூர் இல்லை. சம்பளம் குறைவு, அதில் அவருக்கு வருத்தம் இருக்கிறது. கல்லூரிக்கு லேட் ஆனால் நான் அதில்தான் வருகிறேன், கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து.